ஐந்து தலைமுறை விசுவாசம் என்னோடு நின்றுவிடுமா?

பனையடி:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். எனக்கு முன்னால் நான்கு தலைமுறை சபையில் இருந்திருக்கிறார்கள். அவர்களில் இருவர் உபதேசியார்கள், அதாவது குருவானவர் இல்லாத ஊர்களில் சபையை நடத்தியவர்கள். நான் வேலைக்காகப் பெங்களூரில் இருக்கிறேன். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இப்போது ஆராதனைக்கு வருவதில்லை. சண்டை போட்டு நிற்கவில்லை, மெதுவாக நின்றுபோய்விட்டாள். கேட்டால், "அப்பா, உங்களுக்கு இது விசுவாசமா, ஊர்ப் பழக்கமா?" என்று திருப்பிக் கேட்கிறாள். மரியாதையாகத்தான் கேட்கிறாள். அதனால் கோபப்படவும் முடியவில்லை.

தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடமும், பிறகு தாய் ஐனிக்கேயாளிடமும் நிலைத்திருந்தது என்று பவுல் எழுதுகிறார். ஓய்வுநாள் பள்ளியில் அந்த வசனத்தை ஒப்பித்துப் பரிசு வாங்கியவன் நான். எங்கள் வீட்டில் அது என்னோடு அறுந்துவிடுமோ என்ற பயம் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிறது. நம் முன்னோர் இதை எப்படித் தங்கள் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள்? பிள்ளை விலகி நிற்கும் காலத்தில் பெற்றோர் எப்படித் தளராமல் இருப்பது? நடந்ததைச் சொல்லுங்கள், அதுதான் எனக்கு வேண்டும்.


பழைய பதிவேடு:

ஐயா, "நம் முன்னோர்" என்றீர்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் பாறைபோல் நின்றார்கள், நாம்தான் தளர்ந்துவிட்டோம் என்று பல மேடைகளில் கேட்டிருக்கிறோம். திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றில் அப்படி ஒரு காலம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

கிளாரிந்தா அம்மையாரை எடுத்துக்கொள்ளுங்கள். மராட்டியப் பிராமண விதவை. உடன்கட்டை ஏறுவதிலிருந்து அவரைக் காப்பாற்றிய ஆங்கிலேய அதிகாரியோடு திருமணம் இல்லாமல் வாழ்ந்தார். அதனால் அவர் ஞானஸ்நானம் கேட்டபோது ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் (அந்தக் காலத்தில் குருமாரை ஐயர் என்பார்கள்) மறுத்துவிட்டார். மறுத்தார்களே என்று அவர் விலகிப் போகவில்லை. அந்த அதிகாரி இறந்த பிறகு 1778ல் பாளையங்கோட்டையில் ஞானஸ்நானம் பெற்றார். 1780ல் எழுதிய சபைப் பட்டியலில் இருந்தவர்கள் 40 பேர். 1785ல் அவர் கட்டிய ஆலயம் பிரதிஷ்டை ஆயிற்று. இன்றும் ஊரில் அதைப் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றுதான் சொல்கிறார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. துன்புறுத்தப்பட்ட குடும்பங்கள் ஒன்றாக வாழ்வதற்காகத் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் முன்நின்று 1799ல் முதலூரை உண்டாக்கினார். 1802ல் மிஷனரி கெரிக்கே ஐயர் சுற்றுப்பயணம் வந்தார். ஊர் ஊராக ஞானஸ்நானம் நடந்தது, ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். மறு ஆண்டே கெரிக்கே ஐயர் இறந்துபோனார். அவர் இடத்துக்கு நிலையாக ஆள் வரவில்லை. சில வருடங்களில் தாவீதும் போய்விட்டார். 1811ல் கொள்ளைக் காய்ச்சல் பரவியபோது பயந்துபோய்ப் பழைய வழிபாட்டுக்குத் திரும்பியவர்கள் ஏராளம். 1816ல் பாளையங்கோட்டை ராணுவச் சிற்றாலயத்துக்குக் குருவாக வந்த ஹஃப் ஐயர் தேடிப் பார்த்தபோது, முதலூரிலும் நாசரேத்திலும் இன்னும் பல சிற்றூர்களிலும் சபைகள் உயிரோடு இருந்தன. 1820ல்தான் மிஷனரி ரேனியஸ் ஐயர் வந்து சேர்ந்தார்.

1803க்கும் 1820க்கும் இடைப்பட்ட அந்தக் காலத்தை நம் ஆண்டு விழா மலர்கள் ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. எனக்கோ அந்த ஆண்டுகள்தான் பெரியவை. பிஷப் இல்லை, வெளிநாட்டுப் பணம் பெரிதாக இல்லை, பள்ளிக்கூடம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஒரு சில நாட்டு ஐயர்மாரும் உபதேசியார்களும் ஓலை வேய்ந்த ஜெபவீட்டில் கூடி வந்த பத்துப் பேருக்கு ஜெபம் நடத்தினார்கள். உங்கள் வம்சம் அந்தப் பத்துப் பேரிலிருந்து வந்திருக்கலாம். திரும்பிப் போய் மறுபடி வந்தவர்களிடமிருந்தும் வந்திருக்கலாம். உங்கள் மகளைப் பற்றி எண்ணும்போது இந்த இரண்டாவதையும் மறந்துவிடாதீர்கள்.


மார்கழிப் பஜனை:

பதிவேடு ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கிளாரிந்தா அம்மையாரின் அந்தச் சிறிய சபையில் தேவசகாயம் என்ற புலவரின் குடும்பமும் இருந்தது. அவருடைய மகன்தான் 1774ல் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார். பன்னிரண்டு வயதில் சுவார்ட்ஸ் ஐயர் அந்தப் பையனைத் தஞ்சாவூருக்கு அழைத்துக்கொண்டு போனார். சாஸ்திரியார் 1864ல் இறக்கும்வரை பாடிக்கொண்டே இருந்தார். அவர் சந்ததியார் இன்றும் கதாகாலட்சேபம் செய்கிறார்கள். பாட்டு போகாத இடத்துக்குப் பிரசங்கமும் போகாது என்பது என் எண்ணம்.

நான் பள்ளி ஆசிரியை. எங்கள் வீட்டில் சாயங்காலம் விளக்கு ஏற்றியதும் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், ஒரு ஜெபம், அவ்வளவுதான். பரீட்சை இருந்தாலும் விருந்தாளி வந்திருந்தாலும் நிறுத்துவதில்லை. பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். சமைத்து வைத்ததைப் பசி இல்லை என்கிறான் என்பதற்காக யாரும் அடுப்பை மூடிவிடுவதில்லை.


செம்மண்:

பஜனை அக்கா, எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கோபத்தோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டிலும் தினமும் குடும்ப ஜெபம் உண்டு. அப்பா உருக்கமாக ஜெபிப்பார். ஜெபம் முடிந்ததும் சேகரக் கமிட்டித் தேர்தலில் (ஒரு குருவானவரின் கீழ் உள்ள ஊர்ச் சபைகள் சேர்ந்ததுதான் சேகரம்) எந்த அணி எந்த வீட்டுக்கு என்ன கொடுத்தது என்ற பேச்சு ஆரம்பிக்கும். யாரை எந்தச் சாதிக்காக நிறுத்த வேண்டும் என்பதும் அதே பாயில் உட்கார்ந்துதான் முடிவாகும். சபைச் சொத்து வழக்குக்காக நீதிமன்றம் போவதை ஊழியம் என்று சொன்ன பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் தம்பி அந்தப் பாயில்தான் வளர்ந்தான். இன்று ஆலய வாசலை மிதிப்பதில்லை. அவன் மேல் நான் எப்படிக் குறை சொல்வேன்?

பிள்ளைகள் விசுவாசத்தை விட்டுப் போகிறார்கள் என்று அழுகிறோம். அவர்களில் பலர் விட்டுப் போவது நம்மை. பனையடி அண்ணன் மகள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அதற்கு முகத்துக்கு நேராகப் பதில் சொல்லாமல் பாட்டு, ஜெபம், அதிகாரம் என்று எத்தனை அடுக்கினாலும் பயன் இல்லை.


மார்கழிப் பஜனை:

தம்பி, நீங்கள் சொன்ன தேர்தல் அசிங்கத்தை நான் மறுக்க மாட்டேன். எங்கள் சேகரமும் அதற்கு விலக்கல்ல. ஆனால் ஜெபத்துக்குப் பிறகு பேசியதுதான் குற்றம், ஜெபித்தது குற்றம் ஆகாதே. அந்தப் பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள், கைகோத்து நிற்கிறேன்.


முதல் பெயர்:

இந்த இழையைப் படிக்கும்போது எனக்குச் சற்று வலிக்கிறது. சொல்லாமல் போக மனம் இல்லை.

எங்கள் குடும்பத்தில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட முதல் ஆள் நான். எனக்கு லோவிசாளும் இல்லை, ஐனிக்கேயாளும் இல்லை. என் அம்மா இன்னும் என்னோடு முழுமனதாகப் பேசுவதில்லை. சபையில் பல பேர் அன்பாக விசாரிப்பார்கள். அடுத்த கேள்வி "எந்த ஊர், யார் வீட்டுப் பெண், எத்தனையாவது தலைமுறை" என்றுதான் வரும். "முதல்" என்று சொன்னதும் குரல் மாறிவிடுகிறது. என் திருமணப் பேச்சிலும் அதே கேள்விதான் வந்தது. ஐந்தாம் தலைமுறை என்பதை நீங்கள் நன்றியாகச் சொல்லலாம். கேட்கிறவர்களுக்குப் பல சமயம் அது குலப்பெருமை போலத்தான் கேட்கிறது.

கிளாரிந்தா அம்மையாரும் முதல் ஆள்தானே? அவருக்குக் கிறிஸ்தவ உறவுமுறை ஒன்றும் இல்லை. அவருக்குப் பின்னால் வந்தது ரத்தத்தின் வழியாக வரவில்லை. பவுலுக்கும் பிள்ளைகள் இல்லை. லீஸ்திராவில் கிரேக்கத் தகப்பனுக்குப் பிறந்த தீமோத்தேயு என்ற பையனை "என் குமாரன்" என்று அழைத்தார். பனையடி அண்ணனிடம் எனக்குக் கோபம் இல்லை. உங்கள் வீட்டு விசுவாசம் உங்களோடு முடிந்துபோனால் எல்லாம் முடிந்தது என்று மட்டும் எண்ணாதீர்கள். உங்கள் தெருவில் என்னைப் போல் ஒருத்தி, தன்னைச் சேர்த்துக்கொள்ள ஒரு வீடு உண்டா என்று பார்த்துக்கொண்டிருக்கலாம்.


பனையடி:

சகோதரி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகு நேரம் பதில் எழுத முடியவில்லை. எங்கள் வீட்டுக்கு நீங்கள் எப்போது வந்தாலும் ஒரு தட்டு உங்களுக்கு உண்டு. வார்த்தைக்காகச் சொல்லவில்லை. பெங்களூர் வந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள்.

செம்மண் தம்பி, "முகத்துக்கு நேராகப் பதில்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் யோசிக்கிறேன். பழக்கமும் விசுவாசமும் எனக்குள் பிரிக்க முடியாமல் கலந்து கிடக்கின்றன.


யாழ்தேவி:

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து. பலருக்கும் தெரியாத ஒரு தொடர்பைச் சொல்கிறேன். வெள்ளாளன்விளையில் 1874ல் பிறந்த அசரியா, வாலிபர் சங்க (ஒய்.எம்.சி.ஏ) வேலையாக 1902ல் யாழ்ப்பாணம் வந்தார். இங்கே இருந்த இளம் கிறிஸ்தவர்கள் தங்கள் கைக்காசைச் சேர்த்துத் தமிழ்நாட்டில் தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தங்களுக்கே வசதி குறைவான பிள்ளைகள். அதைப் பார்த்த அசரியாவுக்கு மனம் குத்தியது. இத்தனை பெரிய திருநெல்வேலித் திருச்சபை பிறருக்காக என்ன செய்தது என்ற கேள்வியோடுதான் அவர் திரும்பினார். 1903ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. ஊழியர்கள் இந்தியர், பணமும் இந்தியர் பணம். மறு ஆண்டே நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல்லுக்கு ஆள் போனது. பேசத் தெலுங்கு தெரியாது, சமையல் வேறு, வெயில் வேறு.

1909ல் அசரியாவே குடும்பத்தோடு அங்கே குடிபோனார். 1912ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பிஷப் ஆனார். 1945 ஜனவரி 1ஆம் தேதி அவர் இறந்தபோது அவருடைய தோர்ணக்கல் பேராயத்துச் சபை மக்களின் தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது. பெரும்பாலும் தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட எளிய மக்கள்.

இங்கே வீட்டுக்குள் விளக்கை எப்படி அணையாமல் காப்பது என்று பேசுகிறோம். அசரியாவின் தலைமுறை விளக்கை வெளியே எடுத்துக்கொண்டு போனது. கொடுக்கத் தொடங்கிய சபைகள்தான் தங்கள் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டன என்று நினைக்கிறேன்.


பழைய பதிவேடு:

யாழ்தேவி சொன்னதில் ஒரு துணுக்கு விடுபட்டுவிட்டது. தோர்ணக்கல்லில் ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலையில் தாங்களே கைவைத்து, "நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தைப் பிரசங்கியாவிட்டால் எனக்கு ஐயோ" என்று சொல்லச் சொல்வார் அசரியா. நேற்றுவரை கோவில் தெருவில் கால் வைக்க முடியாதவர், இன்று இன்னொருவருக்குச் சொல்லும் பொறுப்புள்ளவர். முதல் பெயர் சகோதரிக்கு இதைச் சொல்ல விரும்பினேன்.

அசரியாவின் தகப்பனார் தாமஸ் வேதநாயகம் முதல் தலைமுறை விசுவாசி. மிஷன் பள்ளியில் படிக்கும்போது மனந்திரும்பி, பிறகு குருவானவர் ஆனார். மகன் பிஷப் ஆனதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.


வடக்கு அறை:

நீங்கள் எல்லோரும் பெரிய மனிதர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் பக்கவாதம் வந்து படுத்திருக்கும் என் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறேன். பல வருடங்களாகிவிட்டன. ஞாயிறு ஆராதனைக்குப் போக முடிவதில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் போவதும் நின்றுவிட்டது. காலையில் வேதத்தைத் திறந்தால் இரண்டு வசனத்துக்குள் கூப்பிட்டுவிடுவார்கள். ஜெபிக்கும்போது தூங்கிவிடுகிறேன். உள்ளே ஒன்றும் இல்லாததுபோல் இருக்கிறது. விசுவாச ஓட்டம், ஓட்டத்தை முடித்தேன் என்றெல்லாம் படிக்கும்போது நான் ஓடுவதாகவே தெரியவில்லை. இதில் பிள்ளைகளுக்கு எதை விட்டுப்போவது?


மார்கழிப் பஜனை:

அம்மா, நீங்கள் எழுதியதற்காகத்தான் இந்த இழை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

தோணாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நமக்குத் தெரியும். 1895ல் இந்தியா வந்தவர் ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. கோவில்களுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த பெண் குழந்தைகளைத் தாயாக வளர்த்தார். இந்த முதல் பாதியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 1931ல் ஒரு குழியில் விழுந்து காலும் முதுகும் கெட்டுப்போயின. அதிலிருந்து 1951ல் இறக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறையில் படுக்கையில் கிடந்தார். ஓடியாடிப் பழகியவர், பிள்ளைகள் விளையாடும் சத்தத்தை ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டு இருபது வருடம் போல் வலியோடு இருந்தார். அந்த அறையிலிருந்தும் எழுதிக்கொண்டிருந்தார். தன் கல்லறைக்குப் பெயர்க்கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி ஒன்றை வைத்து, அதில் "அம்மாய்" என்று மட்டும் பொறித்தார்கள்.

அவரைப் பார்த்துக்கொண்டவர்களைப் பற்றித்தான் நான் நினைப்பேன். இருபது வருடம் அந்தப் படுக்கையை மாற்றி, சாப்பாடு ஊட்டி, காயத்தைக் கழுவிய பெண்கள். அவர்களில் ஒருவர் பெயரும் எனக்கு வாயில் வரவில்லை. அவர்கள் செய்ததும் ஊழியமேதான். நீங்கள் உங்கள் மாமியாரைப் புரட்டிப் படுக்க வைப்பதை உங்கள் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அது எந்தப் பிரசங்கத்துக்கும் குறைந்ததில்லை. ஜெபத்தில் தூங்கிவிட்டால் தூங்குங்கள். கெத்செமனே தோட்டத்தில் ஜெபிக்கச் சொல்லியும் தூங்கிவிட்ட சீஷர்களை ஆண்டவர் தள்ளிவிடவில்லையே.


செம்மண்:

வடக்கு அறை அக்கா, உங்கள் ஊர் பக்கம் என்றால் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் என் மனைவி வந்து உட்காருவார்கள். நீங்கள் ஆராதனைக்குப் போய் வாருங்கள். தனிச்செய்தியில் ஊரை மட்டும் சொல்லுங்கள். நாங்கள் இல்லாத ஊர் என்றால் அங்கே தெரிந்தவர்களைக் கேட்கிறேன்.


நான்காம் செமஸ்டர்:

அனுமதித்தால் நானும் எழுதுகிறேன். பனையடி ஐயாவின் மகள் வயதுதான் எனக்கும். நானும் ஒரு காலத்தில் சபைக்குப் போகாமல் இருந்தேன். இப்போது போகிறேன். எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டதால் போகவில்லை.

என்னை வெளியே தள்ளியது என் கேள்விகளுக்கு வீட்டில் கிடைத்த முகம். "ஊர் என்ன சொல்லும்", "சாட்சி கெட்டுப்போகும்", "உன் தாத்தா எப்படிப்பட்டவர் தெரியுமா" என்பார்கள். தாத்தாவைச் சொன்னால் நான் அடங்கிவிடுவேன் என்று நினைத்தார்கள். எனக்கோ தாத்தா மேல்தான் கோபம் வந்தது.

என்னைத் திரும்பிப் பார்க்க வைத்ததும் அந்தத் தாத்தாதான். வரப்புத் தகராறில் அவருக்கும் அவர் அண்ணனுக்கும் வழக்கு இருந்தது. வழக்கறிஞர் ஜெயித்துவிடலாம் என்று சொல்லியிருந்தார். ஒரு திருவிருந்து ஆராதனைக்கு முந்தின நாள், இந்தப் பகையை வைத்துக்கொண்டு என்னால் அப்பத்தைத் தொட முடியாது என்று சொல்லி வழக்கைத் திரும்பப் பெற்றார். நிலத்தில் ஒரு பகுதி போயிற்று. அப்பாவும் சித்தப்பாவும் அவரோடு மாதக்கணக்கில் பேசவில்லை. அவர் யாரிடமும் நியாயம் பேசவில்லை, யாரையும் குறை சொல்லவும் இல்லை. இதை எனக்கு யாரும் பிரசங்கமாகச் சொல்லவில்லை. வீட்டில் திட்டும்போது காதில் விழுந்தது. ஒரு மனிதர் நிலத்தை விடும் அளவுக்கு எதையோ உண்மை என்று நம்பியிருக்கிறார் என்றால் அது என்ன என்று பார்க்க வேண்டும் என்று தோன்றிற்று. அங்கேயிருந்துதான் மறுபடி ஆரம்பித்தேன்.

ஐயா, உங்கள் மகளிடம் சரியான பதில் சொல்ல முயலாதீர்கள். நீங்கள் எதை விட்டீர்கள், எதற்காக விட்டீர்கள் என்று சொல்லுங்கள். எங்கே சந்தேகம் வந்தது என்பதையும் சொல்லுங்கள். எங்களுக்கு அது தெரியாது. நீங்கள் எல்லாம் சந்தேகமே இல்லாமல் பிறந்தவர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.


பனையடி:

மகளே, உனக்கு நன்றி. "பழக்கமும் இருக்கிறது, விசுவாசமும் இருக்கிறது, எது எங்கே முடிகிறது என்று எனக்கே தெரியவில்லை" என்று அவளிடம் சொன்னால் அவள் இன்னும் தள்ளிப் போய்விட மாட்டாளா?


நான்காம் செமஸ்டர்:

போக மாட்டாள் என்று நான் எப்படி உறுதி கொடுக்க முடியும், ஐயா? என்னிடம் என் அப்பா அப்படிச் சொல்லியிருந்தால் நான் உட்கார்ந்து கேட்டிருப்பேன்.


பழைய பதிவேடு:

உறுதி கிடையாது என்பதை நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும். சாமுவேல் தீர்க்கதரிசியின் குமாரர் தகப்பன் வழியில் நடக்கவில்லை. எசேக்கியா நல்ல ராஜா, மகன் மனாசே அப்படி இல்லை. அந்த மனாசேயின் பேரன்தான் யோசியா. சரியாக வளர்த்தால் சரியாக வருவார்கள் என்ற கணக்கு வேதத்திலேயே ஒத்துவரவில்லை. பிள்ளை விலகினால் பெற்றோரின் விசுவாசத்தில் ஓட்டை என்று சபையில் காதோடு காதாகப் பேசுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

மாற்குவும் பவுலோடு ஊழியப் பயணம் போய், பம்பிலியாவில் பாதி வழியில் விட்டுத் திரும்பியவர்தான். பவுல் அவரை மறுபடி அழைத்துப் போக மறுத்தார். கடைசியில் சிறையிலிருந்து எழுதும்போது, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்றார். இடையில் பர்னபா அவரைக் கூடவே வைத்திருந்தார். பவுலின் கண்டிப்பு நமக்கு எளிதாக வந்துவிடுகிறது. பனையடி ஐயா, உங்கள் வீட்டில் பர்னபாவின் வேலை காலியாக இருக்கிறது.


முதல் பெயர்:

அண்ணா, உங்களுக்கு ஒரு யோசனை. நீங்கள் சொன்ன அந்த இரண்டு உபதேசியார்களைப் பற்றி உங்கள் மகளுக்கு என்ன தெரியும்? பெயர் தவிர? அவர்கள் எந்த ஊரில் இருந்தார்கள், என்ன சம்பளம், எத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள்? எனக்கு அப்படி ஒரு முன்னோர் இருந்திருந்தால் நான் ஊர் ஊராகப் போய் விசாரித்திருப்பேன்.


பனையடி:

உண்மையைச் சொன்னால் எனக்கே பெயருக்கு மேல் ஒன்றும் தெரியாது. அவர்களில் மூத்தவர் மெய்ஞ்ஞானபுரம் பக்கத்தில் வேலை பார்த்ததாக என் அத்தை சொல்வார்கள். டிசம்பர் விடுமுறையில் மகளும் ஊருக்கு வருகிறாள். வரலாற்றுப் பாடம்தான் எடுத்திருக்கிறாள், அவளையே கேட்டுப் பார்க்கிறேன். பதிவேடு ஐயா, இதையெல்லாம் எங்கே தேடுவது?


பழைய பதிவேடு:

முதலில் உங்கள் பூர்வீக ஊர் எந்தச் சேகரத்தில் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஊர்கள் காலப்போக்கில் சேகரம் மாறியிருக்கும், அதனால் வயதானவர்களிடம் பழைய சேகரத்தின் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்றுக்கும் தனித்தனிப் பதிவேடுகள் இருக்கும். குருவானவருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி நேரம் கேளுங்கள். டிசம்பரில் பண்டிகை வேலை இருக்கும், நினைத்த நேரத்தில் போய் நின்றால் பார்க்க முடியாது. தாள்கள் பொடிந்துபோகும் நிலையில் இருக்கும், மகள் கையில் ஒரு மென்மையான துணியும் பென்சிலும் கொடுத்து அனுப்புங்கள், மை பேனா வேண்டாம். திருமணப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். அதில் தகப்பன் பெயரும் தொழிலும் இருந்தால் ஒரு தலைமுறை பின்னால் போய்விடலாம். உபதேசியார் என்றால் அங்கேயே "உபதேசி" என்று எழுதியிருப்பார்கள். அத்தையிடம் மூத்தவர் இறந்த வருடத்தைத் தோராயமாகக் கேட்டு இங்கே போடுங்கள், எந்தப் பதிவேட்டில் முதலில் பார்ப்பது என்று சொல்கிறேன்.